ஈயத்தை எடுத்தவன்

இந்த மலரை அச்சிட்டுத் தருபவர், மாதிரிக்கென்று பழைய நினைவு மலர்கள் நாலைந்தை என் கையில் கொடுத்தார். எல்லாவற்றிலும் இறந்தவர் குலவிளக்காக இருந்தார். எழுதியவர் கண்ணீர்க் கடலில் இருந்தார். “இதப் பாத்து எழுதுங்க, ஒறவு மொறைய மட்டும் மாத்திக்கிட்டாப் போதும்” என்றார் அவர். அண்ணனை விளக்கு என்று நான் எழுதினால், அவரே கல்லறையிலிருந்து எழுந்து வந்து ஊதி அணைத்துவிடுவார். ஆகவே உறவினர்களே, நண்பர்களே, அண்ணனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் கொஞ்சமும் தெரியாததில் மீதியுமாக எழுதுகிறேன். அந்த மீதியை எழுதத்தான் ஒரு வருடம் பிடித்தது.

அண்ணன் ஹாலிஎலைக்கு மேலே, எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்து லய வரிசையின் கடைசிக் காம்பரா வீட்டில் பிறந்தார். அக்காவுக்கு அடுத்தவர், எனக்கு ஐந்து வயது மூத்தவர். அப்பா எங்களை விட்டுச் சீக்கிரமே போய்விட்டதால் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, தேயிலைத் தொழிற்சாலையின் பெட்டிப் பட்டறையில் சேர்ந்தார். அப்போது தேயிலை பலகைப் பெட்டியில்தான் கொழும்புக்குப் போனது. காலையிலிருந்து மாலை வரை ஆணி அடிப்பார். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். எங்கள் குடும்பத்துக்கென்று கடவுள் அளந்து அனுப்பிய பேச்சு முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது. வேலை முழுவதும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஆணி அடித்த பணத்தில் நான் படித்து, ஹாலிஎலை கூட்டுறவுக் கடையில் விற்பனையாளனாகி, சீனி நிறுத்துக்கொண்டே ஊரைச் சிரிக்க வைத்தேன்.

விராலைப் பிடிக்கத் தூண்டிலில் கட்டும் மரமீன் செய்யும் பழக்கம் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல. பிபிலைக்கு அப்பால் ஒரு குளத்தில், தண்ணீருக்குள் கிடந்த கிளையொன்றில், யாரோ நூலை அறுத்துவிட்டுப் போன வெளிநாட்டுப் பொய்மீன் சிக்கியிருந்தது. இடுப்பில் மூட்டு வைத்த மீன். அண்ணன் அதைக் கழற்றிக் கொண்டுவந்து, ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு பிளந்து பார்த்தார். அத்தோடு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன.

அல்பீசியா மரத்தின் காய்ந்த கிளையில்தான் செதுக்குவார். அது கையில் இருப்பதே தெரியாத பாரம். முதலில் முழு மீனாகச் செதுக்கி, நடுவில் ரம்ப வாளால் அறுத்து, வெட்டிய இரண்டு முகங்களையும் ஓரம் சீவிவிடுவார். அப்போதுதான் வால் இரண்டு பக்கமும் மடங்கும். சைக்கிள் கம்பியைத் தலையிலிருந்து இடுப்பு வரை ஓட்டி வளையமாக முறுக்குவார்; வால் பாதியிலும் அப்படியே; வளையத்துக்குள் வளையம். தாடைக்குப் பால்மா டின்னின் தகடு. அக்கா விட்டுப்போன நகப்பூச்சில் செவுள்.

இதுவரை யாரும் செய்யலாம். நான்கூடச் செய்யலாம் என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அவர் பார்த்த பார்வையில் திரும்ப எடுத்துக்கொண்டேன். பாரம் வைப்பதுதான் வேலை. தொழிற்சாலையில் கழற்றிப் போட்ட பழைய தண்ணீர்க் குழாய்களின் மூட்டில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். அதைச் சுரண்டிக் கொண்டுவந்து கரண்டியில் உருக்குவார். மீனின் தொண்டைக்குக் கீழே ஒரு குழி, வயிற்றில் ஒரு குழி, வால் பாதியில் கடலையளவு ஒரு குழி. ஈயம் ஊற்றிப் பீலித் தொட்டியில் விடுவார். கூடினால் கல்லாய் மூழ்கும். குறைந்தால் செத்த மீன் மாதிரிப் பக்கவாட்டில் சாயும். சரியாக இருந்தால், நூலை இழுத்த மாத்திரத்தில் அந்த மரக்கட்டை இடுப்பை ஒடித்து ஒடித்து நீந்தும். பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தை நிறைய விட்டுவிட்டு நின்று பார்ப்பார்கள். அண்ணன் சிரித்து நான் பார்த்த இடம் அந்தத் தொட்டியடிதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்தக் காலத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடையாள அட்டையைக் கழுத்தில் தாலி மாதிரிக் காத்தோம். ஒரு சனிக்கிழமை, ஹாலிஎலை சலூனில் நான் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போன கதையைச் சொன்னார்கள். வீட்டில் துப்பாக்கிக் குண்டு வார்க்கும் ஈயக்கட்டி இருந்ததாம். பாதி வெட்டிய தலையோடு நான் எழுந்துவிட்டேன். இடது பக்கம் வெட்டியும் வலது பக்கம் வெட்டாமலும் மலையேறி ஓடிவந்த என்னைப் பார்த்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் கையசைத்துக்கொண்டே ஓடினேன்.

அண்ணன் வேலையில் இருந்தார். அம்மா பகல் ரொட்டிக்கு மா பிசைந்து வைத்துவிட்டு வெளியே போயிருந்தார். மறுநாள் குளத்துக்குக் கொண்டுபோக ஐந்து மரமீன்கள் பூச்சுக் காய்ந்து தயாராக இருந்தன. கத்தி முனையால் வயிற்றைச் சுரண்டி, ஆணியால் நெம்பி, ஐந்திலிருந்தும் ஈயத்தை எடுத்தேன். கரண்டியில் மிச்சமிருந்ததையும் சேர்த்துக் கக்கூஸ் குழியில் போட்டேன். அதன் பிறகுதான் பதினைந்து குழிகளும் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தன. வெறும் ஓட்டை சந்தேகத்துக்கு இடமல்லவா? மூளை அன்று அபாரமாக வேலை செய்தது. அம்மா பிசைந்து வைத்திருந்த ரொட்டி மாவைக் கிள்ளிக் கிள்ளி ஓட்டைகளை அடைத்து, மேலே நகப்பூச்சுப் பூசிவிட்டேன். பார்க்க முன்னையதைவிட அழகாகவே இருந்தன. நாட்டையும் குடும்பத்தையும் காப்பாற்றிய களைப்பில் இரண்டு ரொட்டி கூடவே தின்றேன்.

அண்ணனிடம் சொல்லவில்லை. திட்டுவார் என்ற பயம். இராணுவத்துக்குப் பயந்தவன் அண்ணனுக்கும் பயப்படக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பிபிலைக்குப் போகப் புறப்பட்டோம். மரமீன் டின்னை நானே பையில் வைத்து, நானே மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் லுணுகலையில் இறங்கி, அக்காவின் கணவரான மச்சானின் தையல் கடையில் தேநீர் குடித்தோம். மச்சானை உங்களுக்குத் தெரியும். பேச்சில் எனக்கு அண்ணன். சிப்பாய்கள் பொத்தான் தைக்கவும் கிழிந்த சீருடையைத் தைக்கவும் அவரிடம்தான் வருவார்கள். டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, “தம்பி, இதோட போயி எங்கயாச்சும் மாட்டிக்காதீங்க. மீனக் கடத்துறீங்கன்னு புடிச்சிருவானுங்க” என்றார். அண்ணன் ஒன்றை எடுக்கக் கை நீட்டினார். கையில் எடுத்திருந்தால் பாரம் குறைந்தது அந்த நொடியே அவருக்குத் தெரிந்திருக்கும். நான் மூடியைப் போட்டு, “பஸ் வந்துரும்ணே” என்றேன். பஸ் வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது.

சோதனைச்சாவடி இருந்த இடத்தின் பெயர் வேண்டாம். எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் முப்பது பேர் நின்றோம். இருபத்தொன்பது பேர் சும்மா நின்றார்கள். நான் பையைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட, ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் மட்டும் முடி வெட்டிய தலை வேறு. சிப்பாய் நேராக என்னிடம் வந்தார். நான் அவராக இருந்தாலும் என்னிடம்தான் வந்திருப்பேன்.

டின்னைத் திறந்த அதிகாரி இளவயதுக்காரர். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், மீன் பிடிக்கிற மீன், விரால் இதைப் பார்த்துக் கடிக்கும் என்றார். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தான் குளக்கரையில் பிறந்தவன் என்றும், மீன் என்றால் நீந்தட்டும், நீந்தினால் போகலாம் என்றும் சொன்னார். அண்ணனும் சிரித்தார். நீந்தும் என்று அவருக்குத் தெரியும். பாதியாக வெட்டிய தகரப் பீப்பாயில் தண்ணீர் இருந்தது. அதிகாரியே மீனின் மூக்கில் நூல் கட்டி விட்டு இழுத்தார்.

மீன் சாய்ந்தது. பக்கவாட்டில் விழுந்து, வால் ஒரு பக்கம் தலை ஒரு பக்கமாக மிதந்துகொண்டே வந்தது. இன்னொன்றை விட்டார். அதுவும் அப்படியே. மூன்றாவதைக் கையிலெடுத்து நகத்தால் வயிற்றை அழுத்தினார். பூச்சு உடைந்து வெள்ளையாக ஏதோ பிதுங்கியது. உள்ளே கம்பி ஓடுகிறது, வளையம் இருக்கிறது, குழிக்குள் வெள்ளைப் பசை. அதிகாரி அதைப் பீப்பாய்க்குள் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். இரண்டு சிப்பாய்கள் மண்மூட்டைக்குப் பின்னால் போனார்கள். ஈயம் இருந்திருந்தால் ஈயத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் இருந்தது. ரொட்டி மாவுக்கு அண்ணனிடம் பதில் இல்லை.

அண்ணன் பீப்பாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு எட்டு வைத்து, அந்த மாவைக் கிள்ளி, அவர்கள் முன்னால் வாயில் போட்டுத் தின்று காட்டியிருக்கலாம். “ரொட்டி மா சேர், நான்தான் வச்சேன்” என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. கல்யாண வீடுகளில் பந்தயத்துக்குப் பச்சை மிளகாய் பத்துத் தின்பவன் நான். அன்று ஒரு கிள்ளு மாவைத் தின்ன வாய் வரவில்லை.

யார் செய்தது என்று கேட்டார்கள். நான்தான், நான் மட்டும்தான் என்றார் அண்ணன். இவன் யார் என்று என்னைக் காட்டிக் கேட்டார்கள். அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதலில் சிங்களத்தில் சொல்லிவிட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னார்:

“தம்பிங்க சேர். இவனுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது.”

சிப்பாய்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் சிரிக்கும்போது கூடச் சிரித்தால் விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. விட்டும்விட்டார்கள். அண்ணனை ட்ரக்கில் ஏற்றினார்கள். நான் மறு பஸ்ஸில் வீடு திரும்பினேன்.

அம்மா கேட்டார், எப்படி நடந்தது என்று. “நேரா எங்க கிட்டத்தாம்மா வந்தானுங்க” என்றேன். அது பொய்யில்லை. ஏன் நேராக வந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்கு முன்னால் எங்கே இறங்கினீர்கள் என்றார். மச்சான் கடையில் என்றேன். அவர் என்ன சொன்னார் என்றார். “மாட்டிக்காதீங்கன்னாரு” என்றேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று பதில், மூன்றும் உண்மை. உண்மையை மட்டுமே சொல்லி ஒரு மனிதரைக் காட்டிக்கொடுத்தவராக்க முடியும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து மச்சான் வந்தார். அம்மா வாசலிலேயே நிறுத்தினார். “மாப்புளன்னு கூப்பிட்ட வாயால வேற ஒன்னும் சொல்ல வச்சிராதீங்க. போங்க.” அவர் போனார். அக்காவும் அத்தோடு இந்த லயத்துக்கு வரவில்லை. தோட்டம் முழுக்கத் தெரிந்த கதையானது. கூட்டுறவுக் கடையில் யாராவது அதைப் பேசினால் நான் சீனி நிறுப்பதில் மும்முரமாகிவிடுவேன்.

அந்த வெள்ளைப் பசையைச் சோதனைக்கு அனுப்பி, அது கோதுமை மா என்று பதில் வர மாதங்கள் ஆயின. மா என்று தெரிந்த பிறகும், மாவை ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டார்களாம். தெரியாது என்றே சொன்னாராம். பதினொரு மாதம் கழித்து அண்ணன் வந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஹல்துமுல்லையில் பேசி வைத்திருந்த பெண்ணை வேறிடத்தில் கொடுத்திருந்தார்கள். தொழிற்சாலையில் தேயிலை கடதாசிச் சாக்குக்கு மாறி, பெட்டிப் பட்டறையை மூடியிருந்தார்கள். வந்த அன்றே, மச்சான் எங்கே என்று கேட்டார். அம்மா சொன்னார்.

“மச்சான் இல்லம்மா.”

“அப்ப யாருடா?”

பிறந்ததிலிருந்து பேசாத மனிதர் அப்போதும் பேசாததை, மச்சானைக் காப்பாற்றத்தான் என்று அம்மா தன் கணக்கில் எடுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று தேநீருக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை கரண்டி போட்டேனோ, அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு பதுளையில் ஒரு தளபாடக் கடையில் மெருகு தேய்க்கும் வேலைக்குப் போனார். செதுக்குவதை விடவில்லை, இடது கையால் செதுக்கப் பழகினார். முதல் மரமீன் முடிந்த நாளில் என்னைக் கூப்பிட்டார். கரண்டியை என் கையில் கொடுத்து, “இனிமே ஈயம் ஊத்துறது ஒன் வேல” என்றார். பத்து வருடத்துக்கு மேல், அவர் செய்த ஒவ்வொரு மீனுக்கும் நான்தான் பாரம் வைத்தேன். ஊற்றும் ஈயம் கூடும், குறையும். தொட்டியில் சாயும்போதெல்லாம் அண்ணன் பக்கத்தில் நின்று பார்ப்பார். திட்ட மாட்டார். எடுத்துத் துடைத்து மறுபடி என் கையில் கொடுப்பார். சாயாமல் நீந்தும் வரை விட மாட்டார். திட்டியிருந்தால் நான் எப்போதோ பிழைத்திருப்பேன்.

இதற்கிடையில் அம்மாவும் போனார். கடைசிவரை மகள் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவும் மச்சானும் அடக்கத்துக்கு வந்து, சேமக்காலைக் கல்லறை வாசலோடு நின்று திரும்பினார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மா போன பிறகு சொல்லி என்ன பயன் என்று நினைத்தேன். அம்மா இருக்கும்போது, சொன்னால் அம்மா தாங்குவாரா என்று நினைத்திருந்தேன். எந்த நேரத்துக்கும் ஏற்ற காரணம் என் கடையில் எப்போதும் கையிருப்பு உண்டு. வருடாவருடம் பெரிய வெள்ளிக்கு முன்னால் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய், கோபம், பொறாமை என்று சில்லறையாகச் சொல்லி முடித்து, மூன்று அருள் நிறைந்த மந்திரத்தோடு தப்பித்து வருவேன்.

போன வருடம் அண்ணன் சிறுநீரகம் பழுதாகி, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். நானே உடன் இருந்தேன். ஒரு பிற்பகல், பார்வையாளர்கள் போன பிறகு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். வழக்கம்போல ஒரு பகிடியோடுதான் ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஈயம், மா, நகப்பூச்சு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கண்ணை மூடியபடியே கேட்டார்.

“சாஞ்சப்பவே தெரியும்டா” என்றார். “வேற எவன் ரொட்டி மாவ வைப்பான்?”

“ஏண்ணே சொல்லல?”

“ரெண்டு பேரும் உள்ள போனா அம்மாவுக்கு யாரு?”

பிறகு நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். என்னை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். கையை விடுவித்துக்கொண்டார்.

“பதினோரு மாசம் நான் இருந்துட்டு வந்துட்டேன். மச்சான் இன்னும் வெளிய வரல. அங்க போயிச் சொல்லு. இங்க வந்து அழுவாத.”

அண்ணன் கடைசியாக என்னிடம் பேசியது இதுதான். அதற்குப் பிறகு நான்கு நாட்கள் இருந்தார். தண்ணீர் கேட்டார், தலையணையைச் சரிசெய்யச் சொன்னார், என்னிடம் அல்ல, தாதியிடம். மன்னித்தார் என்று எழுதினால் இந்த மலர் அழகாக முடியும். அவர் சொல்லாததை நான் எழுத முடியாது.

இந்த ஒரு வருடத்தில் மூன்று முறை லுணுகலைக்குப் புறப்பட்டேன். முதல் முறை பசறையில் இறங்கி வடை தின்றுவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை கடை வாசல் வரை போய், மச்சான் தலை நிமிர்வதற்குள் பக்கத்துக் கடைக்குள் புகுந்து எனக்குத் தேவையே இல்லாத ஒரு குடை வாங்கினேன். மூன்றாம் முறை பஸ்ஸே வரவில்லை. அதற்காக நான் பட்ட சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. வாயால் முடியாது என்று தெரிந்ததால்தான் அச்சுக்குக் கொடுத்தேன். இருநூறு பிரதி. இனி ஓடினாலும், போகிற வீட்டிலெல்லாம் இது மேசைமேல் இருக்கும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணனின் விடுதலைக்காக முகாம் முகாமாக ஏறி இறங்கிய எங்கள் பழைய பங்குத்தந்தைக்கும், வழக்கைத் தன் வீட்டு வழக்காக எடுத்துக்கொண்ட பதுளைச் சட்டத்தரணி ஐயாவுக்கும், கைவிரல் மடங்காதவரை மறுபேச்சில்லாமல் வேலைக்குச் சேர்த்த தளபாடக் கடை முதலாளிக்கும், கடைசி நாட்களில் அவரைத் தன் அண்ணன்போலப் பார்த்த தாதிமாருக்கும், குழி வெட்டுவதிலிருந்து கொட்டகை பிரிப்பது வரை முன்னின்ற தோட்டத்து மரண உதவிச் சங்கத்தாருக்கும், பூசைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கிய உங்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டின் நன்றி. மச்சானைப் பற்றி இத்தனை வருடமாக நீங்கள் கேட்டதும் சொன்னதும் பிழை. பிழை என்னுடையது.

மச்சான், முதல் பிரதியை நானே கொண்டுவந்து உங்கள் கடையில் வைத்துவிட்டு, நீங்கள் படித்து முடிக்கும்வரை வெளியே ரோட்டில் நிற்பேன். படித்த பிறகு என்னை உள்ளே கூப்பிட வேண்டாம். அம்மா உங்களை வாசலில் நிறுத்திய அன்று, நான் வீட்டில் இல்லை என்று உங்களிடம் சொன்னார்கள். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்.